பேக்கிங் தாளும் பேரிங் இறுக்கமும்: பழைய டிஃபரன்ஷியலைப் பூட்டப் போகிறவர்களுக்கு

நண்பர் ஒருவரிடம் 1930-ஆம் வருஷத்து ஃபோர்டு மாடல் ஏ ஒன்று இருக்கிறது. பின் ஆக்சிலில் ஊளைச் சத்தம் அதிகமாகிவிட்டது என்று டிஃபரன்ஷியலைப் பிரித்து, பேரிங் எல்லாம் புதிதாக வரவழைத்து, தெரிந்த பட்டறையில் உட்கார்ந்து அவரே பூட்டினார். பேரிங்கோடு வந்த பாக்கெட்டில் ஒரே வடிவத்தில் நாலைந்து பேக்கிங் தாள்கள் இருந்தன. விரலால் தடவிப் பார்த்தால் சில மெல்லிசு, சில கொஞ்சம் தடிமன். கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டு, தடித்த தாள்தானே எண்ணெயை நன்றாகத் தடுக்கும் என்று இரண்டு பக்கமும் தடித்ததையே போட்டு, போதாக்குறைக்கு சிலிக்கான் பேஸ்டையும் தாராளமாகத் தடவி இறுக்கிவிட்டார். ஒரு சொட்டு எண்ணெய் கசியவில்லை. ஆனால் சத்தம் முன்னைவிட மோசம். கியர் போட்டு கிளட்சை விட்டால் பின்னாலிருந்து 'டொக்' என்று ஓர் அடி வேறு.

பேரிங் மட்டமான சரக்கு என்று விற்றவரைத்தான் முதலில் திட்டினோம். பாவம், பேரிங்கில் ஒரு குறையும் இல்லை. தப்பு அந்தத் தாளில் இருந்தது. இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் பேக்கிங் என்பது எண்ணெயைத் தடுக்கிற தாள் மட்டும் கிடையாது, பேரிங் எவ்வளவு இறுக்கமாக உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கிற அளவுத் தகடும் அதுதான். இதைப் புரிந்துகொண்டால் மீதி வேலை பொறுமைதான். அதனால் முதல் தடவை டிஃபரன்ஷியலைத் தொடுகிறவருக்குச் சொல்வது போலவே எழுதுகிறேன்.

முதலில் டிஃபரன்ஷியல் எதற்கு என்பதை ஒரே மூச்சில் பார்த்துவிடலாம். மாட்டு வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் குறைவாகவும் வெளிப்பக்கச் சக்கரம் அதிகமாகவும் சுற்றுகிறது, அதில் ஒரு சிரமமும் இல்லை, ஏனென்றால் இரண்டு சக்கரமும் அச்சில் தனித்தனியாக விட்டேற்றியாகச் சுற்றுகின்றன, இழுப்பது மாடு. காரில் இழுப்பதே பின் சக்கரங்கள்தான். இரண்டையும் ஒரே அச்சில் பூட்டி இன்ஜினால் சுற்றினால் திருப்பத்தில் ஏதாவது ஒரு டயர் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். அதனால் அச்சை நடுவில் இரண்டாக வெட்டி, நடுவே ஒரு கூட்டை வைத்து, கூட்டுக்குள் சின்னப் பல்சக்கரங்களை வைத்து, இரண்டு பக்கத்துக்கும் விசை போகட்டும் ஆனால் வேகம் வேண்டியபடி மாறிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். அந்தக் கூட்டின் பெயர் கேரியர். கேரியரின் மேல் பெரிய தட்டு மாதிரி பூட்டியிருக்கும் பல்சக்கரம் கிரவுன். இன்ஜின் பக்கத்திலிருந்து வந்து கிரவுனைச் சுற்றுகிற சின்னப் பல்சக்கரம் பினியன். மாடல் ஏ-யின் வழக்கமான ஜோடியில் பினியனுக்கு 9 பல், கிரவுனுக்கு 34 பல், அதாவது பினியன் 3.78 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று.

மாடல் ஏ-யை நான் உதாரணமாக எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. 1927 டிசம்பரில் அறிமுகமாகி 1931 வரை லட்சக்கணக்கில் உருண்டு வந்த வண்டி, உலகம் முழுக்க இன்னும் ஓடுகிறது, உதிரி பாகமும் கிடைக்கிறது. நம் ஊருக்கும் அது அந்நியமில்லை, 1926-இல் ஃபோர்டு கனடாவின் துணை நிறுவனமாக இந்தியாவில் கம்பெனி தொடங்கி, சென்னை, பம்பாய், கல்கத்தாவில் பாகங்களாக இறக்கிப் பூட்டி விற்றார்கள். அதைவிட முக்கியம், பேக்கிங் எப்படி பேரிங்கை ஆள்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிடத் தெளிவான அமைப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

அமைப்பு இப்படி. பின் ஆக்சிலின் வெளி உடம்பு மூன்று துண்டு. நடுவில் உருண்டையாக ஒரு ஹவுசிங், அதை பாஞ்சோ என்பார்கள். அதன் இடதும் வலதும் இரண்டு நீளக் குழல்கள், சக்கரப் பக்கம் ஒடுங்கி, நடுப்பக்கம் நாதஸ்வரத்தின் அணைசு மாதிரி விரிந்திருக்கும். விரிந்த வாயைச் சுற்றிலும் போல்ட் போட்டு பாஞ்சோவோடு இறுக்குகிறோம். அந்த மூட்டில்தான் பேக்கிங் தாள் வருகிறது, இடதில் ஒன்று, வலதில் ஒன்று. இப்போது கவனியுங்கள்: கேரியரின் இரண்டு தோளிலும் டேப்பர் ரோலர் பேரிங் ஏறியிருக்கிறது. அந்தப் பேரிங்கின் வெளி வளையம் எங்கே உட்காருகிறது? நடு ஹவுசிங்கில் இல்லை. இடது பேரிங்குடையது இடது குழலின் வாயில், வலதுடையது வலது குழலின் வாயில். ஆக இரண்டு குழல்களும் இரண்டு உள்ளங்கைகள் போல கேரியரை இருபுறமும் பிடித்திருக்கின்றன. இடையில் வைக்கிற தாள் தடித்தால் கைகள் விலகும், மெலிந்தால் நெருங்கும்.

டேப்பர் பேரிங் புரியாதவர்கள் சைக்கிளை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி கிரீஸ் வைத்துவிட்டுத் திரும்பப் பூட்டும்போது கோனை எவ்வளவு முடுக்குவது என்பதுதான் முழு வித்தையும். கோன் தளர்ந்தால் சக்கரம் பக்கவாட்டில் ஆடும், பிரேக் கட்டையில் உரசும். ஒரேயடியாக முடுக்கினால் சக்கரம் கையால் சுற்றும்போதே கறகறவென்று நிற்கும், கொஞ்ச நாளில் குண்டுகள் பொடியாகும். சரியான இடத்தில் ஆட்டம் இருக்காது, சுற்றும் தடுமாறாது. கார் பேரிங்கிலும் அதே கதை, பெயர்கூட அதேதான்: வெளி வளையத்துக்குக் கப், உள் வளையத்துக்குக் கோன். 1898-இல் ஹென்றி டிம்கன் காப்புரிமை வாங்கிய இந்தச் சரிவு உருளை பேரிங்கின் சிறப்பு, மேலிருந்து வரும் பாரத்தையும் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் சேர்த்துத் தாங்குவது. அதற்கு விலை, யாராவது அதன் இறுக்கத்தை அமைத்துக் கொடுக்க வேண்டும். சாதாரண குண்டு பேரிங் போல தட்டி ஏற்றிவிட்டுப் போக முடியாது. சைக்கிளில் கோனைத் திருகி அமைக்கிறோம். மாடல் ஏ-யில் திருக ஒன்றும் இல்லை. அந்த வேலையைத் தாளின் கனம் செய்கிறது.

ஆட்டமே இல்லாத நிலைக்கும் கொஞ்சம் மேலே போய், பேரிங்கை லேசாக அமுக்கியே வைப்பதற்கு ப்ரீலோடு என்று பெயர். ஏன் அமுக்க வேண்டும், ஆட்டம் இல்லாமல் இருந்தால் போதாதா என்று நானும் கேட்டிருக்கிறேன். வண்டி மேட்டில் ஏறும்போது பினியன் கிரவுனைச் சுற்றுவதோடு நிற்பதில்லை, அதைத் தன்னிடமிருந்து விலக்கித் தள்ளவும் செய்கிறது, சாய்ந்த பல்லின் குணம் அது. பேரிங்கில் இடம் இருந்தால் கிரவுன் நகர்ந்துவிடும். நகர்ந்தால் பல்லும் பல்லும் முழு முகத்தில் தொடாமல் ஓரத்தில் தொடும். எல்லா பாரமும் ஓரத்தில். ஊளை அங்கேதான் பிறக்கிறது, கொஞ்ச நாளில் பல் நுனி சில்லு சில்லாகப் பெயரும். மறுபக்கம், ப்ரீலோடு அதிகமானால் ரோலருக்கும் வளையத்துக்கும் நடுவே எண்ணெய்ப் படலம் நிற்காமல் சூடாகி, வளையம் நீலம் பாரித்து, செதில் செதிலாக உரியும். இந்த இரண்டு நாசத்துக்கும் நடுவில் உள்ள இடம் மூன்று நாலு தவ் அகலம்தான்.

தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லேத் பட்டறையில் அந்தப் பேச்சுதான் ஓடும். ஜெராக்ஸ் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 4 தவ், 0.1 மில்லிமீட்டர். தலைமுடி இரண்டு மூன்று தவ். ஆக ஒரு ஜெராக்ஸ் தாள் கூடினாலோ குறைந்தாலோ டிஃபரன்ஷியலின் ஆயுசு மாறிவிடுகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மாடல் ஏ-க்குக் கிடைக்கும் பேக்கிங் தாள்கள் 6 தவ், 10 தவ் என்று வெவ்வேறு கனத்தில் வருவது இதற்காகத்தான். நண்பர் 'எக்ஸ்ட்ரா' என்று ஒதுக்கி வைத்தது உண்மையில் அளவுப் பெட்டி.

அளந்து போடுவது எப்படி

நண்பரின் ஆக்சிலை மறுபடி இறக்கினோம். மாடல் ஏ-யில் இது சின்ன வேலை இல்லை, பாஞ்சோவின் பின்னால் மூடி எதுவும் கிடையாது, திறந்து எட்டிப் பார்க்க வழியில்லை, முழு ஆக்சிலும் கீழே வர வேண்டும். குறுக்கே போகிற பின் ஸ்பிரிங் இறுகி நிற்கும். அதற்கென்று உள்ள விரிப்பான் இல்லாமல் ஷேக்கிளை, அதாவது ஸ்பிரிங் முனையை ஆக்சிலோடு கோக்கும் இணைப்பை, கழற்றாதீர்கள், அந்த ஸ்பிரிங் விடுபட்டால் கை போகும். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

பிரித்துக் கழுவியதும் பழைய சிலிக்கானையும் தாளையும் சுரண்டி எடுக்க வேண்டும். உளியை வைத்துச் சுரண்டினால் முகத்தில் கீறல் விழும், கீறலின் விளிம்பு எழும்பி நிற்கும், அந்த எழும்பலே இரண்டு மூன்று தவ் இருக்கும், நீங்கள் அளக்கிற அளவெல்லாம் பொய்யாகிவிடும். மெல்லிய பிளேடால் சுரண்டி, எண்ணெய்க்கல்லை முகத்தில் படுக்கை வாட்டத்தில் ஓட்டி, விரல் நுனியால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு சோதனைக்காக ஒரு தடவை பூட்டுவது. இதில் பினியனும் வேண்டாம், அச்சுகளும் வேண்டாம். மாடல் ஏ-யில் அச்சின் உள் முனையிலேயே பல்சக்கரம் சேர்ந்து வருகிறது, அதனால் அச்சையும் உள்ளிருக்கும் சின்னப் பல்சக்கரங்களையும் எடுத்துவிட்டு வெறும் கேரியரை மட்டும் போல்ட் போட்டு எடுத்துக்கொண்டோம். புதுக் கப்புகள் குழல் வாயில் அடிவரை போய் உட்கார்ந்துவிட்டனவா என்று பார்ப்பது ரொம்ப முக்கியம். அரை தவ் அழுக்கு கப்புக்கு அடியில் இருந்தாலும் முதல் நூறு கிலோமீட்டரில் அது நசுங்கி, நீங்கள் வைத்த இறுக்கம் குறைந்துவிடும். இடது குழலை அணைசு மேல் பார்க்க நிமிர்த்தி நிறுத்தி, 10 தவ் தாள் ஒன்றை வைத்து, பாஞ்சோவை அதன் மேல் பூட்டி முழுசாக முறுக்கினோம். பேரிங்குக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டு கேரியரை இறக்கினோம். கிரவுன் இடது பக்கம்தான் இருக்க வேண்டும். இதைச் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், ஆனால் கிரவுனை வலப்பக்கம் வைத்துப் பூட்டிய ஆக்சிலில் வண்டி மூன்று கியரில் பின்னால் போகும், ஒரே கியரில் முன்னால் போகும்.

வலது குழலைத் தாள் எதுவும் வைக்காமல் மேலே உட்கார வைத்தோம். எதிரெதிர் போல்ட்டாக, கொஞ்சம் கொஞ்சமாக, கேரியரை உள்ளே சுற்றிக்கொண்டே முடுக்கினோம். சுற்றாமல் முடுக்கினால் ரோலர்கள் சாய்வாக நின்று பொய்யான இறுக்கம் காட்டும். பேரிங் இரண்டும் கப்பில் நன்றாக உட்கார்ந்து, ஆட்டம் போன அந்த நொடியில் நிறுத்தினோம். இப்போது வலது குழலுக்கும் பாஞ்சோவுக்கும் இடையில் சுற்றிலும் ஒரு சின்ன இடைவெளி தெரியும். அதில் ஃபீலர் கேஜை, அதாவது கனம் எழுதிய மெல்லிய அளவுத் தகடுகளை, விட்டு நாலு இடத்தில் அளந்தோம். நாலு இடமும் ஒரே அளவு வரவில்லை என்றால் போல்ட்டை ஒரு பக்கமாக முடுக்கிவிட்டீர்கள் என்று பொருள், தளர்த்தி மறுபடி வாருங்கள். எங்களுக்கு 8 தவ் வந்தது.

இந்த 8 என்ன சொல்கிறது? இடதில் 10 தவ் தாள் இருக்கும் நிலையில், வலதில் சரியாக 8 தவ் கனத்துக்கு ஏதாவது வைத்தால் ஆட்டமும் இருக்காது, அமுக்கமும் இருக்காது. 8-க்கு மேல் எது வைத்தாலும் ஆட்டம். நண்பர் வைத்திருந்தது 10, அதற்கு மேல் இரண்டு பக்கமும் சிலிக்கான் படலம். எல்லாம் சேர்ந்து ஐந்தாறு தவ் அளவுக்குக் கேரியர் இடவலமாக நடந்துகொண்டிருந்திருக்கிறது. 'டொக்' அதுதான். அந்த இடத்தில் 6 தவ் தாளை வைத்து முறுக்கினோம். தாள் முறுக்கினால் ஏறத்தாழ ஒரு தவ் நசுங்கும், ஆக 5. பேரிங் மூன்று தவ் அளவுக்கு அமுக்கத்தில் நிற்கிறது. கையால் கேரியரைச் சுற்றினால் தயிர் கடைகிற மத்து மாதிரி ஒரே சீரான தடை, எங்கும் திக்காமல். விட்டுவிட்டுத் திக்கினால் கப் சாய்ந்திருக்கிறது அல்லது அழுக்கு இருக்கிறது.

ஒருவேளை தாளே இல்லாமல் முகத்தோடு முகம் முட்டியும் கேரியர் ஆடினால்? அப்போது தாளால் செய்ய ஒன்றும் இல்லை. குழலின் வாயில் கப் உட்காரும் இடம் தேய்ந்திருக்கும், அல்லது யாரோ முன்பு முகத்தை லேத்தில் கடைந்திருப்பார்கள், அல்லது கடையில் வேறு பேரிங்கைக் கொடுத்துவிட்டார்கள். கப்புக்கு அடியில் ஷிம் என்கிற மெல்லிய எஃகு வளையம் வைத்துச் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

இடதில் எடுத்து வலதில் கொடுப்பது

இதுவரை பார்த்தது மொத்தக் கனம். இரண்டு தாளின் கூட்டுத்தொகை பேரிங் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. ஆனால் எந்தப் பக்கம் எவ்வளவு என்பது இன்னொரு விஷயத்தைத் தீர்மானிக்கிறது, கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையே உள்ள பல் இடைவெளி, பட்டறையில் பேக்லாஷ் என்பது. பல்லும் பல்லும் நெருக்கி நின்றால் சூடாகி எண்ணெயை வழித்துவிடும். ரொம்ப விலகி நின்றால் ஒவ்வொரு தடவை ஆக்ஸிலரேட்டரை விட்டு மிதிக்கும்போதும் அடிக்கும். பழைய பின் ஆக்சில்களில் பொதுவாக 6-லிருந்து 10 தவ்வுக்குள் வைப்பார்கள், உங்கள் வண்டிப் புத்தகம் என்ன சொல்கிறதோ அதுவே முடிவு.

மாடல் ஏ-யில் கிரவுன் பினியனுக்கு இடதில் நிற்கிறது. இடது தாள் தடித்தால் இடது குழல் வெளியே போகும், கேரியர் அதோடு இடதுபுறம் நகரும், கிரவுன் பினியனைவிட்டு விலகும், பேக்லாஷ் கூடும். குறைக்க வேண்டுமானால் இடதில் மெல்லிய தாள், வலதில் தடித்த தாள். எடுத்ததை அப்படியே மறுபக்கம் கொடுத்துவிட வேண்டும், கூட்டுத்தொகை மாறக் கூடாது, மாறினால் கஷ்டப்பட்டு வைத்த பேரிங் இறுக்கம் போய்விடும். நம்மிடம் 10-உம் 6-உம் இருந்ததால், இடதில் 6, வலதில் 10 என்று இடம் மாற்றினாலே கேரியர் 4 தவ் வலதுபுறம் நகர்ந்துவிடும். பேக்லாஷ் அதே 4 குறையாது, பக்கவாட்டில் நகர்கிற அளவில் ஏறக்குறைய பத்தில் ஏழு பங்குதான் பல் இடைவெளியில் தெரியும், அதாவது 3 தவ்வை ஒட்டி.

இதை அளக்கும்போது ஒரு ஏமாற்றம் உண்டு. முழு ஆக்சிலையும் பூட்டி, இரண்டு அச்சையும் பிடித்துக்கொண்டு பினியனை ஆட்டி அளந்தால், கேரியருக்குள் இருக்கும் சின்னப் பல்சக்கரங்களின் ஆட்டமும் சேர்ந்து வரும். பேக்லாஷ் பயங்கரமாக இருப்பது போல் தெரியும், ஆள் பதறிப்போய் கிரவுனை நெருக்கிவிடுவார். அதனால்தான் வெறும் கேரியரோடு சோதிப்பது. குழல் வழியே ஒரு கம்பியை விட்டுக் கேரியரை அசையாமல் பிடித்துக்கொண்டு, பினியன் தண்டில் ஒரு சின்னக் கை பூட்டி, பினியன் பல்லின் ஆரத்திலேயே டயல் கேஜின் முள்ளை வைத்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள்.

பினியனுக்கென்று தனி இறுக்கம் இருக்கிறது. மாடல் ஏ-யில் பினியன் தண்டில் எதிரெதிராக இரண்டு டேப்பர் பேரிங், அவற்றை ஒரு நட்டால் முடுக்கி, நாக்கு மடக்குகிற வாஷர் வைத்து, மேலே இன்னொரு நட்டால் பூட்டுகிறோம். அதாவது இங்கே சைக்கிள் கோன் முறையேதான், தாளுக்கு வேலை இல்லை. கேரியரைச் சேர்ப்பதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். இறுக்கத்தை அளக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம்: தண்டில் நூலைச் சுற்றி, நூல் முனையில் மீன்கடைத் தொங்கு தராசைக் கட்டி, சீராக இழுங்கள். நகரத் தொடங்கும்போது காட்டும் அளவை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டிருக்கும்போது காட்டும் கிலோவை, நூல் சுற்றிய இடத்தின் ஆரத்தால், சென்டிமீட்டரில், பெருக்கினால் கிலோ-சென்டிமீட்டர் கிடைக்கும். புத்தகம் பவுண்டு-அங்குலத்தில் பேசினால், நீங்கள் அளந்த கிலோ-சென்டிமீட்டரை 0.87-ஆல் பெருக்கி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆயில் சீல் இல்லாமல் அளந்த எண்ணா, சீலோடு அளந்த எண்ணா என்று புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், இதில் குழம்பி நட்டை ஓவராக முடுக்கியவர்கள் நிறைய.

கடைசியாகப் பல்லில் நீலச் சாயம் தடவிச் சுற்றி, பட்ட தடம் பல்லின் நடுவே விழுகிறதா என்று பார்ப்பது. அது ஒரு தனிக் கட்டுரைக்கான விஷயம். ஒன்று மட்டும்: கிரவுனும் பினியனும் ஜோடியாக உரசி வளர்ந்தவை, ஒன்றைப் புதிதாகவும் மற்றதைப் பழையதாகவும் போடாதீர்கள்.

எந்தப் பேக்கிங் அளவுத் தாள், எது வெறும் தாள்?

எல்லா வண்டியிலும் எல்லாப் பேக்கிங்கும் இப்படி இல்லை, அதுதான் புதியவர்களைக் குழப்புவது. நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த மூட்டை இறுக்கும்போது ஏதாவது பேரிங் நடுவே அகப்பட்டுக்கொள்கிறதா? அகப்பட்டால் அந்தத் தாள் அளவுத் தாள். அகப்படாவிட்டால் அது எண்ணெய் தடுக்க மட்டும்.

1955-லிருந்து 1962 வரை வந்த பிரிட்டிஷ் எம்.ஜி.ஏ காரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் டிஃபரன்ஷியல் மொத்தமும் ஒரே வார்ப்புக்குள் உட்கார்ந்து, முன்பக்கமாக ஆக்சில் ஹவுசிங்கில் போல்ட் ஆகிறது. பக்க பேரிங்குகளின் இறுக்கத்தை வார்ப்புக்குள்ளேயே உலோக வளையங்கள் அமைக்கின்றன, ஒரு பேரிங்குக்கு 2 தவ் வீதம். அப்படியானால் வார்ப்புக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே வரும் பெரிய பேக்கிங் எவ்வளவு தடித்திருந்தாலும் பேரிங்குக்கு ஒன்றும் ஆகாது. சரி, எம்.ஜி.ஏ-யில் தாள் பற்றிக் கவலை இல்லை என்று நினைத்தால், சக்கர முனையில் காத்திருக்கிறது. பின் ஹப்பில், அதாவது சக்கரம் பூட்டுகிற குடத்தில், பேரிங்கை ஏற்றி, ஒரு வளையத்தை வைத்து, அதன் மேல் அச்சின் தட்டைப் பூட்டுகிறோம், நடுவில் மெல்லிய தாள் வாஷர். தாளையும் வைத்துப் பார்க்கும்போது அந்த வளையம் ஹப் முகத்தைவிட 1-லிருந்து 4 தவ் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது கணக்கு. நீட்டிக்கொண்டிருந்தால்தான் அச்சின் தட்டு முதலில் வளையத்தில் முட்டி, பேரிங்கைக் கவ்விப் பிடித்து, பிறகு தாளை நசுக்கும். தடித்த தாளை வெட்டிப் போட்டால் தட்டு தாளிலேயே உட்கார்ந்துவிடும், பேரிங்கின் வெளி வளையம் கவ்வப்படாமல் ஹப்புக்குள் நடக்கத் தொடங்கும். எண்ணெய் கசியக் கூடாது என்று போட்ட தாளால் ஹப் ஆடி, சீல் தேய்ந்து, கடைசியில் எண்ணெயே கசியும்.

இதை நான் முதலில் கேட்டது லேத் பட்டறை வைத்திருந்த ஓர் அண்ணனிடம். கல்யாணப் பத்திரிகை அட்டையில் அழகாக ஒரு பேக்கிங் வெட்டிக்கொண்டு போய் அவரிடம் பெருமையாகக் காட்டினேன். வாங்கி மைக்ரோமீட்டரில் வைத்தார், ஒன்றும் பேசாமல் என்னிடம் அளவைத் திருப்பிக் காட்டினார். 14 தவ்.

"தம்பி, பொண்ணு வீட்டுக்காரங்க நல்ல அட்டையாத்தான் போட்டிருக்காங்க. ஆனா இது இங்க ஆகாது" என்றார்.

"வேற என்னண்ணே போடறது?"

"பழசைக் கிழிக்காம எடுத்துட்டு வா. அதை அளந்துட்டு அப்புறம் பேசுவோம்."

பழைய தாளைக் கிழிக்காமல் எடுப்பது இருக்கட்டும், எடுத்தால் எந்தப் பக்கத்துத் தாள் எது என்று எழுதி வைப்பதுகூட நம்மில் பலருக்கு வராது. போல்ட் போகும் ஓட்டைக்கருகே, நசுங்கிய இடத்தில், மூன்று நாலு இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வண்டி இதற்கு முன் நன்றாக ஓடியிருந்தால் நீங்கள் தொடங்க வேண்டிய எண் அதுதான். தாளை நீங்களே வெட்டுவதென்றால் எண்ணெய்க்கு ஏற்ற பேக்கிங் தாளாக வாங்கி, வெட்டுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். மழைக்காலத்தில் திறந்து கிடந்த தாள் ஈரம் குடித்து ஊதியிருக்கும், காய வைத்து அளக்க வேண்டும்.

பேஸ்ட் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். அளவுத் தாள் போகிற மூட்டில் சிலிக்கான் வேண்டாம். எவ்வளவு கனத்தில் படிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது, ஓரிடத்தில் ஒன்று, இன்னோரிடத்தில் மூன்று தவ் என்று நிற்கும், போதாததற்குப் பிதுங்கி உள்ளே விழுந்த துண்டுகள் எண்ணெயில் மிதந்து பேரிங்குக்குள் போகும். தாளின் இரண்டு முகத்திலும் ஷெல்லாக்கை, அதாவது அரக்குக் கரைசலை, மெல்லியதாக, விரலால் துடைத்து எடுத்தது போல ஒரு பூச்சு, அவ்வளவு போதும். அந்தப் பூச்சுகூட சோதனைப் பூட்டல் முடிந்து, எல்லா அளவும் சரி என்று உறுதியான பிறகு, கடைசிப் பூட்டலில் மட்டும்தான்.

எண்ணெயைப் பற்றியும் இரண்டு வார்த்தை. மாடல் ஏ-யின் கிரவுனும் பினியனும் பல் வளைந்து சாய்ந்த ஸ்பைரல் பெவல் வகை, பினியன் அச்சின் நடு மட்டத்திலேயே நிற்கும், பிற்காலத்து ஹைப்பாய்டு போல கீழிறங்கி உரசிக்கொண்டு சுற்றுவதில்லை. அதனால் அந்தக் காலத்தில் கெட்டியான சிலிண்டர் எண்ணெய் ரகத்தையே ஊற்றினார்கள், இன்றும் 600 டபிள்யூ என்று கேட்டு வாங்குகிறார்கள். ஒரு லிட்டரை ஒட்டித்தான் பிடிக்கும். நிரப்பும் துளையின் மட்டம்வரை ஊற்றி நிறுத்த வேண்டும். இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே என்று வண்டியைச் சாய்த்து ஊற்றினால் அது குழல் வழியே நடந்து போய் பிரேக் டிரம்மில் இறங்கும், அதற்குப் புதுப் பேக்கிங்கைக் குறை சொல்வோம்.

நண்பரின் வண்டியை இடது 10, வலது 6 என்றே பூட்டினோம். பேக்லாஷ் 8 தவ் வந்தது, மாற்றத் தேவைப்படவில்லை. முதல் 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி பாஞ்சோவின் இரண்டு பக்கமும் புறங்கையை வைத்துப் பார்த்தோம், கை வைத்துக்கொண்டே நிற்கும்படியான சூடு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. மூன்றாவது கியரில் மட்டும் மெலிதாக ஒரு ரீங்காரம் இருக்கிறது, தொண்ணூறு வருஷத்துக்கு மேலான பல்லுக்கு அது இருக்கும், நான் தொடப்போவதில்லை. மிச்சமிருந்த தாள்களை அவர் மைக்ரோமீட்டரில் அளந்து, ஒவ்வொன்றின் மேலும் பென்சிலால் எண் எழுதி, பழைய பிஸ்கட் டப்பாவில் மடங்காமல் வைத்திருக்கிறார்.